காயம்பட்ட கேரக்டர்னா உடனே கூண்டுல ஏத்தணுமா?

கதவு டமால்னு சாத்துற சத்தத்துக்கே ஒரு கேரக்டருக்கு உடம்பு தூக்கிப் போடுது, சின்ன வயசுல வாங்குன அடி அப்படி, அதே ஆளு அடுத்த எபிசோட்ல தன்னை நம்பி வந்தவகிட்ட வாய்க்கு வந்தபடி கத்திட்டுப் போயிடுறான். எழுதுனவங்க ரெண்டையும் சேர்த்துதான் காட்டுறாங்க, ஆனா நம்ம ஃபேன்ஸுக்கு ஏதாவது ஒண்ணுதான் வேணும். ஒரு கூட்டம் "பாவம்டா அவன், அவ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்ல"ங்குது, இன்னொரு கூட்டம் டாக்ஸிக், ரெட் ஃபிளாக்னு முத்திரை குத்திட்டு அவனைப் பிடிக்கும்னு சொன்ன பாவத்துக்கு நம்மளையும் சேர்த்துக் கூண்டுல ஏத்துது. ஏங்க, எனக்கு அவனைப் பிடிக்கும்னா அவனை மாதிரி ஆளை வீட்டுக்குள்ள விடுவேன்னா அர்த்தம்?

இதுல ரொம்பக் கடுப்பேத்துறது அந்த ட்ராமா பாண்டு (trauma bond), அதாவது காயத்தால வர்ற பிணைப்புங்கிற வார்த்தை. ரெண்டு பேரும் கஷ்டப்பட்டவங்க, ராத்திரி முழுக்க உக்காந்து அதைப் பேசித் தீர்க்குறாங்க, உடனே ட்ராமா பாண்டாம்! இந்தப் பிணைப்பைப் பத்தி 1981ல டட்டன், பெயின்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதுனது அடிக்கிறவன் மேலயே அடிவாங்குறவங்களுக்கு ஒட்டுதல் வர்றதைப் பத்தி, அதாவது அடி கொஞ்சம் அன்பு கொஞ்சம்னு மாறி மாறி வந்தா அந்தப் பிடி இன்னும் இறுகும்ங்கிறாங்க. ஒரே மாதிரி வலி இருக்குற ரெண்டு பேர் ஃப்ரெண்டாகுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அப்புறம் அவனை நம்பி வந்த அந்தப் பொண்ணு. அவளுக்கும்தான் ஃப்ளாஷ்பேக் இருக்கு, நாலு நிமிஷம் ஓடுது, யாரு பாத்தா? பதிலுக்கு ஒரே ஒரு தடவை கத்துனா, திமிர் பிடிச்சவளாம். அவ அழாம கத்துனதுதான் இவங்களுக்குப் பிரச்சினைன்னு நினைக்கிறேன்.