சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார்

"பெரியம்மா ஏன் எல்லா போட்டோலயும் உர்ருனு இருக்காங்க? கொஞ்சம் சிரிக்கச் சொல்லக் கூடாதா?"

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் சென்னை போய் எடுத்த போட்டோக்களுக்கு, இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்வி. கேட்டவர் பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார். அவருக்குப் பெரியம்மா, எனக்கு அத்தை, என் மாமியார். பதில் எழுத ஆரம்பித்தேன், கை நடுங்கியது, அழித்துவிட்டேன். அங்கே எழுத முடியாததை இங்கே கொட்டுகிறேன்.

எப்படிச் சிரிப்பார்? காலை ஒன்பது மணிக்கு சென்ட்ரலில் பாத்ரூம் போனவர், மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் அடக்கிக்கொண்டு நின்றார். அந்த போட்டோக்கள் எடுத்தது அந்த ஐந்து மணி நேரத்தில்தான். அவர் முறைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு வயது 66. பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை ஏறினால் உடம்பு அதைச் சிறுநீரில்தான் வெளியே தள்ளும், போகிற போக்கில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு மேல் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை வேறு. 'கொஞ்சம் அடக்கிக்கோங்க' என்று சொல்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அடக்குவது அவர் கையில் இல்லை.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு லீவு. கிறிஸ்துமஸ் அன்று சென்னை பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிப்பு. காட்பாடியிலிருந்து 130 கிலோமீட்டர்தானே, காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் போய் மாலையில் அதிலேயே திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம். ஐந்து பேர். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ரயிலில் அத்தை பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறக்கவில்லை. "குடிங்க அத்தை" என்றேன். "வெளியூர் போறப்ப எதுக்கும்மா வம்பு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள், ஆறாம் வகுப்பு படிப்பவள், தன் பாட்டிலையும் பைக்குள் வைத்துவிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. பாட்டியைப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

பறக்கும் ரயிலில் மயிலாப்பூர், அங்கிருந்து ஆட்டோவில் சாந்தோம். கோயில் அழகுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புனித தோமாவின் கல்லறைமேல் போர்த்துகீசியர் கட்டிய இடம், இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1896-இல் எழுந்தது. குடில், நட்சத்திரங்கள், கீழே கல்லறைச் சிற்றாலயம், எல்லாம் பார்த்தோம். வரிசையில் ஒரு மணி நேரம். வெளியே வந்து கடற்கரைப் பக்கம் நடக்கும்போது அத்தை என் மணிக்கட்டைக் கிள்ளினார். வாய் திறந்து சொல்லமாட்டார். மகன் பக்கத்தில் இருந்தால் உயிரே போனாலும் சொல்லமாட்டார். கிள்ளுவார். எனக்குப் புரியும்.

மணி 1.10. அப்போது பார்த்தேன், பக்கத்துச் சந்து திரும்பும் இடத்தில் ஒரு கழிப்பறை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? புதுப் பெயின்ட். சுவரில் தலையில் பூ வைத்த பெண் படம், 'பெண்கள்' என்று பெரிய எழுத்து. சுத்தம் பற்றி இரண்டு வரி வாசகம். கிட்டே போனால் கிரில் கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. துளி துரு இல்லை, பளபளவென்று இருந்தது. கம்பி வழியாகப் பார்த்தால் உள்ளே பச்சை பக்கெட், அதன்மேல் கவிழ்த்துவைத்த மக். தரை கழுவி ஈரமாக இருந்தது. எல்லாம் தயாராக இருக்கிறது! பாழடைந்து கிடந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கழுவிச் சுத்தம் செய்து, அப்புறம் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

எதிரே நன்னாரி சர்பத் வண்டிக்காரரைக் கேட்டேன்.

"சாவி வச்சிருக்கறவரு சாப்பிடப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"வந்துடுவாரு."

"எங்க சாப்பிடப் போயிருக்காரு? நாங்க போய்க் கூட்டிக்கிட்டு வரோம்."

"தெரியாதும்மா. வந்துடுவாரு."

இருபது நிமிஷம் நின்றோம். உச்சி வெயில். டிசம்பரானாலும் கடற்கரை வெயில் வெயில்தான். அத்தை உட்கார மாட்டேன் என்றார். உட்கார்ந்தால் எழும்போது அடக்க முடியாது என்று அவருக்குப் பயம். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் எத்தனை பெண்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்! ஒரு கர்ப்பிணிப் பெண். குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு அம்மா. பட்டுப்பாவாடைச் சிறுமிகள் மூன்று பேர். ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை. பார்த்தார்கள், திரும்பினார்கள். எல்லோருக்கும் இது பழக்கம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பத்தடி தள்ளி, அதே கட்டடத்தின் பக்கச் சுவரில் இரண்டு ஆண்கள் திரும்பி நின்று வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குச் சாவி தேவைப்படவில்லை.

மணி 1.35. என் கணவர் ஒரு ஓட்டலைக் காட்டினார். அங்கே கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சாப்பிடறவங்களுக்கு மட்டும்" என்றார். சரி. ஐந்து டீ சொன்னோம். நூறு ரூபாய், கையோடு கொடுத்தோம். கொடுத்துவிட்டு வழி கேட்டால், "பாத்ரூம்ல தண்ணி வரலம்மா, மோட்டார் ரிப்பேர்." இதை ஐந்து டீக்கு முன்னால் சொல்ல வாய் வராதா? பெரியவங்க, சர்க்கரை வியாதி, கொஞ்சம் பாருங்க என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். ஒரு வயதான பெண் ஒதுங்குவதற்காக, முன்பின் தெரியாத ஆளிடம், பத்துப் பேர் முன்னால், அவர் வியாதியை நான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையை நான் மறக்கமாட்டேன்.

அடுத்து ஒரு துணிக்கடை. வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார், ஸ்டாஃபுக்கு மட்டுமாம். அவ்வளவுதான்.

மணி 1.50. கலங்கரை விளக்கம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. லிஃப்டில் மேலே போய் மொத்த மெரினாவையும் பார்க்கலாம் என்று பையன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனும் வாய் திறக்கவில்லை, பாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். லூப் ரோட்டில் நொச்சிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் கேட்கவே இல்லை. அத்தை நடக்கிற நடையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டார்.

"இன்னா ஆயா, பாத்ரூம் போணுமா? உள்ள வா. சின்னது, பாத்து."

ஒரே அறை வீடு. மூலையில் தகரக் கதவு. வாசலில் நீல டிரம், அதில் பாதித் தண்ணீர். குழாய் இல்லை. குடம் குடமாகத் தூக்கி வந்து ஊற்றிய தண்ணீர் அது. அதிலிருந்து ஒரு பக்கெட் நிறைய மொண்டு, அத்தைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். "மெதுவா வா, அவசரமில்ல" என்று வெளியே நின்று சொன்னார். அப்புறம் என் மகளைப் பார்த்து, "நீயும் போய்ட்டு வா பாப்பா" என்றார். அவளுக்கும் தேவைப்பட்டிருக்கிறது! காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பணம் எடுத்தேன். "நல்ல நாளும் அதுவுமா காசு குடுக்குற" என்று திட்டினார். செதில் ஒட்டிய கையோடு திட்டினார்.

குழாய் இல்லாத அந்த வீட்டில் தண்ணீர் கிடைத்தது. டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, கல்வெட்டும் வைத்த இடத்தில் பூட்டு! நவம்பர் 19-ஐ உலகக் கழிப்பறை நாள் என்று ஐ.நா. 2013-இல் அறிவித்தது. அன்று நடத்துகிற ஊர்வலம், பேனர், உறுதிமொழி எதுவும் எங்களுக்கு வேண்டாம். ஒரு மாற்றுச் சாவி போதும். ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் கையில் சாவி. இல்லையா, திறந்தே விட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பச்சை பக்கெட்டை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் வராது என்று எந்த அறிவாளி முடிவு செய்தார்?

எங்கள் ஊரும் யோக்கியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வேலூருக்கு வருகிறவர்கள் கையில் ரிப்போர்ட் ஃபைலோடு கடைத்தெருவில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். இந்தி தெரியாது என்று நானே கடந்து போயிருக்கிறேன். பாத்ரூம் என்ற வார்த்தைக்கு எந்த மொழி தெரிய வேண்டும்? அந்த அம்மா வீட்டிலிருந்து வந்ததிலிருந்து அது என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

சாயங்காலம் ரயிலில் ஏறியதும், வண்டியில் பாத்ரூம் இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார் அத்தை. அரக்கோணம் தாண்டியதும் பையைத் திறந்தார். காலையில் சத்துவாச்சாரி வீட்டில் நிரப்பிய பாட்டில், மூடிகூடத் திறக்காமல் அப்படியே இருந்தது. கழுத்தை அண்ணாந்து, மடக்கு மடக்கென்று, வாலாஜா ரோடு வருவதற்குள் முக்கால் லிட்டரைக் குடித்து முடித்தார். மீதியைப் பேத்தியிடம் நீட்டினார். அப்போதுதான் சிரித்தார். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை, கொழுந்தனாரே.

அதே குழுவில் இப்போது இன்னொரு செய்தி வந்திருக்கிறது. காணும் பொங்கலுக்கு எல்லோரும் மெரினாவில் கூடலாமாம். அத்தையிடம் படித்துக் காட்டினேன். யார் யார் வருகிறார்கள், எந்த வண்டி, எங்கே சாப்பாடு, எதுவும் கேட்கவில்லை. "அந்த மீன்காரம்மா வீடு உனக்கு அடையாளம் தெரியுமா?" என்றுதான் கேட்டார்.