பிரஷர் தாத்தாவும் பதினான்கு சிரிப்பு பொம்மைகளும்

நேற்றிலிருந்து எல்லோரும் ஷேர் செய்யும் அந்த வீடியோவை நானும் பார்த்துத் தொலைத்தேன். ஒரு மருந்துக்கடை, அங்கே வரும் ஒரு தாத்தா, அவரைப் படம்பிடிக்கும் கடைக்காரரின் 'இன்னைக்கும் வந்துட்டாருய்யா' என்ற பின்குரல். தினமும் பிரஷர் பார்க்க வருகிறாராம், மாத்திரை ஒன்றும் வாங்குவதில்லையாம். அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் மட்டும் பதினான்கு பேர். எண்ணினேன்.

அவர் பிரஷர் பார்க்க வரவில்லை ஐயா. கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே 'சாப்பிட்டீங்களா தாத்தா' என்று யாராவது கேட்கும் அந்த இரண்டு நிமிடத்துக்கு வருகிறார். இது புரிய டாக்டருக்குப் படிக்க வேண்டுமா?

பிரஷருக்காகவே வந்தாலும் தப்பில்லை. பேச ஆளில்லாத உடம்பு ராத்திரி காவல்காரன் மாதிரி விழித்தே கிடக்கும். தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், மனசு சோர்ந்து போகும். அமெரிக்காவின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், உறவும் நட்பும் குறைந்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து 29 சதவீதமும் பக்கவாத ஆபத்து 32 சதவீதமும் கூடுதல் என்று இருக்கிறது.

'அது வெள்ளைக்காரன் வியாதி, நமக்குக் குடும்பம் இருக்கு' என்று கமெண்டில் வரப்போகும் அண்ணன்களே, உலக சுகாதார நிறுவனத்தின் 2025 கணக்கில் பணக்கார நாடுகளில் சுமார் 11 சதவீதம் பேர் தனிமையில் தவிக்கிறார்கள். ஏழை நாடுகளில் 24. குடும்பப் பெருமையைக் கொஞ்சம் மடித்து வையுங்கள்.

கடைக்காரருக்கும் பிழைப்பு இருக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். 'வாரம் ஒருதரம் வாங்க தாத்தா' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. போனை எதற்கு எடுக்கிறீர்கள்?

அப்பா போனபிறகு கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறாள். 'ஒருத்திக்கு என்னத்தடா உலை வைக்கிறது' என்று மூன்று வேளையும் மோர்சாதம். சிலிண்டர் போட வரும் பையனை உட்காரவைத்துக் காபி கொடுத்து அவன் தங்கை கல்யாணக் கதை கேட்பாள். போன வருஷம் பிரஷர் ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவரைச் சொல்லி என்ன, நானும்தான் கேட்கவில்லை.

'கூட்டிட்டு வந்து வச்சுக்க வேண்டியதுதானே?' வைத்துக்கொண்டேன் சார். ஆறு மாதம், வேளச்சேரியில் நாலாவது மாடி. நாங்கள் ஆபீஸ், பிள்ளை ஸ்கூல். அம்மா பால்கனியில் நின்று வாட்ச்மேன் சைக்கிள் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் எதிர்வீட்டு அக்காவாவது இருக்கிறாள் என்று திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. அதற்குமேல் எனக்கு ஒன்றும் வராது. 'சரி வை, உனக்கு வேலை இருக்கும்' என்பாள். இதை எழுதுவதற்கு முன் போனில் எடுத்துப் பார்த்தேன். 1 நிமிடம் 12 வினாடி. 58 வினாடி. 1 நிமிடம் 5 வினாடி.

தாத்தாவுக்கு அந்தக் கடையில் இதைவிட அதிகம் கிடைத்துக்கொண்டிருந்தது. வீடியோ வந்தபிறகு அவர் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார். பதினான்கு பேரும் அந்தப் பொம்மையையாவது எடுத்துவிடுங்கள்.