தேன் ஐ-யா? தேன் மீ-யா?

(பிளெக்ஸ் கடை. கம்ப்யூட்டர் முன்னால் கலா. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு பேனர் டிசைன் செய்கிறாள். அதைப் பற்றி அவளிடம் கேட்காமல் இருப்பது நல்லது. பெயிண்ட் கடை முருகேசன் உள்ளே வருகிறார்.)

முருகேசன்: 25ஆவது கல்யாண நாள்ம்மா. ஆறுக்கு நாலு பேனர். நடுவில் எங்கள் போட்டோ, கீழே ஒரே வரி. எழுதியே கொண்டுவந்துவிட்டேன்.

கலா: (சீட்டைப் படிக்கிறாள்) "நோபடி லவ்ஸ் யூ மோர் தேன்..." அப்புறம் வெறும் கோடுதானே இருக்கிறது அண்ணே?

முருகேசன்: அந்தக் கோட்டுக்குத்தான் உன்னிடம் வந்தேன். போன வருஷம் வாழ்த்து அட்டையில் "தேன் மீ" என்று எழுதிக் கொடுத்தேன். உன் அண்ணிதான் இங்கிலீஷ் டீச்சர் ஆயிற்றே. மீ-யைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஐந்துக்கு மூன்று என்று மார்க் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கலா: மூன்று கிடைத்ததே!

முருகேசன்: அது கையெழுத்துக்கு.

கலா: "தேன் ஐ" என்று எழுதியிருந்தால் முழு மார்க்.

முருகேசன்: எல்லோரும் மீ என்றுதானேம்மா பேசுகிறார்கள்?

கலா: பேச்சில் மீ-தான். இப்போது அகராதிகளும் அதை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் சிவப்புப் பேனா வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. உங்கள் வாக்கியம் பாதியில் நிற்கிறது. மீதியைச் சொல்லி முடியுங்கள். ஐ போட்டால் "தேன் ஐ டூ", அதாவது நான் நேசிப்பதை விட. மீ போட்டால் "தேன் தே லவ் மீ" என்றல்லவா முடியும்? என்னை நேசிப்பதை விட அதிகமாக உன்னை ஒருவரும் நேசிப்பதில்லை என்று ஆகிவிடும்.

முருகேசன்: (யோசித்து) அதாவது... ஊருக்கு என் மேல்தான் பிரியம், உன் மேல் அவ்வளவு இல்லை?

கலா: கல்யாண நாளில் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

முருகேசன்: அதுதான் அன்றைக்கு ராத்திரி உப்புமாவா!

கலா: இருக்கும்.

முருகேசன்: நம் தமிழில் இந்தத் தொல்லை உண்டா? "என்னை விட". முடிந்தது கதை. "நான் விட" என்று எவனாவது சொல்வானா? அட, இரு இரு! "என்னை" என்பதற்குள்ளேயே ஐ இருக்கிறதே! இரண்டாம் வேற்றுமை உருபு ஐ. அங்கேயும் ஐ, இங்கேயும் ஐ. கணக்கு நேராகிவிட்டது!

கலா: அந்த ஐ வேறு, இந்த ஐ வேறு அண்ணே. தமிழில் ஐ ஒட்டிக்கொண்டால் ஆள் செயப்படுபொருள். இங்கிலீஷில் ஐ வந்தால் அவன் எழுவாய். நம் "என்னை" அங்கே போனால் மீ.

முருகேசன்: அப்போ தமிழ்ப்படி மீ சரி.

கலா: தமிழ்ப்படி சரி. அண்ணிப்படி தப்பு. அப்புறம், தமிழில் தொல்லை இல்லை என்றீர்களே, "என்னை விட உங்களுக்குத் தூக்கம் பிடிக்கும்" என்று அண்ணி சொன்னால் என்ன அர்த்தம்?

முருகேசன்: அவளுக்குத் தூக்கம் கொஞ்சம் பிடிக்கும், எனக்கு நிறையப் பிடிக்கும்.

கலா: அண்ணியா தூக்கமா என்று கேட்டால் நீங்கள் தூக்கம் என்பீர்கள். அப்படியும் எடுக்கலாமே?

முருகேசன்: ஐயையோ! இருபது வருஷமாக நான் முதல் அர்த்தத்திலேயே "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே!

(சிறிது நேரம் பிரிண்டர் சத்தம் மட்டும்.)

முருகேசன்: யாரம்மா இந்தச் சட்டத்தைப் போட்டது?

கலா: (உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பி.ஏ. எழுந்துவிடுகிறது) ராபர்ட் லவுத் என்று ஒரு பாதிரியார். 1762இல் ஒரு இலக்கணப் புத்தகம் போட்டார். பின்னால் லண்டன் பிஷப்பே ஆனார். மறைந்து நிற்கும் வினைச்சொல்லைக் கூட்டிவந்து முடித்துப் பார், ஐ-யா மீ-யா என்று தெரியும் என்பது அவர் கட்சி. ஆனால் அவருக்கு 150 வருஷத்துக்கும் முன்னாலேயே ஷேக்ஸ்பியர் "ஜூலியஸ் சீசர்" நாடகத்தில் "நோ மைட்டியர் தேன் தைசெல்ஃப் ஆர் மீ" என்று காசியஸைப் பேச வைத்துவிட்டார்.

முருகேசன்: ஷேக்ஸ்பியரே மீ-யா! இதை இன்றைக்கே போய்ச் சொல்கிறேன்.

கலா: சொல்லுங்கள். அவருக்கும் ஐந்துக்கு மூன்று கிடைக்கும்.

முருகேசன்: பெயரில்தான் தேன். கிட்டே போனால் கொட்டுகிறது.

கலா: கொட்டாமல் எடுக்க ஒரு வழி இருக்கிறது. மறைந்திருக்கிற அந்த டூ-வை வெளியே கொண்டுவந்துவிடலாம். "மோர் தேன் ஐ டூ." டூ வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்தில் மீ-யை யாரும் தேடமாட்டார்கள். அர்த்தமும் ஒன்றுதான்.

முருகேசன்: கல்யாண நாளும் அதுவுமாக டூ விடச் சொல்கிறாயே!

கலா: இது பழம் விடுகிற டூ அண்ணே.

முருகேசன்: அதற்குத் தனிக் காசா?

கலா: சதுர அடிக்குத்தான் காசு. இலக்கணம் இலவசம்.

முருகேசன்: சரி, போட்டுவிடு. அப்புறம் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி. "வித் லவ் ஃப்ரம் மை சன் அண்ட் மீ" என்று... இரு, இரு! (பேனாவை எடுத்து மீ-யை அடித்துவிட்டு ஐ என்று எழுதுகிறார்.) "மை சன் அண்ட் ஐ"! பார்த்தாயா, நீ சொல்லாமலே பிடித்துவிட்டேன்.

கலா: (மவுஸிலிருந்து மெதுவாகக் கையை எடுக்கிறாள்) அண்ணே, உட்காருங்கள். டீ சொல்கிறேன்.

முருகேசன்: ஏம்மா?

கலா: "ஃப்ரம் ஐ" என்று எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? பையனை எடுத்துவிட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

முருகேசன்: அவனை எப்படிம்மா எடுப்பது? பேனருக்குக் காசு கொடுப்பதே அவன்தானே!