மேட்டுப்பாளையத்தாள் கூப்பிடவில்லை

(குன்னூரில் வண்டிச்சோலைப் பக்கம் ஒரு பழைய கல் வீடு. மாலை ஆறரை மணி. வெளியே தூறல். அத்தை தேயிலை ஃபாக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் மகன் பாபு, கோயம்புத்தூர் கம்பெனி வேலையை இங்கே உட்கார்ந்து பார்க்கிறான். நடு அறையில் ஸ்டூல் மேல் தொலைபேசி, அதன் மேல் பூ வேலை செய்த துணி. லேண்ட்லைனுக்குத் துணி போர்த்தாத வீட்டை நான் இன்னும் பார்த்ததில்லை.)

அத்தை: எட்டு நாள் ஆகிறது பாபு. மேட்டுப்பாளையத்தாள் ஒரு போன் போடவில்லை.

பாபு: உங்கள் நாத்தனாரா? தினமும் ஏழு மணிக்குப் பேசுவார்களே!

அத்தை: பேசுவாள். அவள் கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயில் உப்பு ஒரு கல் தூக்கல் என்றேன். ஒரே ஒரு கல். அன்றோடு சரி.

பாபு: நீங்கள் கூப்பிட்டிருக்கலாமே?

அத்தை: நானா? கூப்பிடுவது அவள் முறை. இப்போது நான் இறங்கிப் போனால் அடுத்த ஜாடியில் இன்னும் இரண்டு கல் சேர்த்துப் போடுவாள்.

பாபு: செல்லிலிருந்தாவது...

அத்தை: இந்தப் பொத்தான் செல்லுக்கு சிக்னல் வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தடிக்குப் போக வேண்டும். நேற்று அங்கே காட்டெருமை நின்றது. சரி, முதலில் அது பேசி முடிக்கட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

பாபு: நகருங்கள், நானே போட்டுக் கொடுக்கிறேன். (துணியை விலக்கி ரிசீவரைக் காதில் வைக்கிறான். தட்டுகிறான். மறுபடி வைக்கிறான்.) அத்தை, டயல் டோனே இல்லை!

அத்தை: இல்லையா?

பாபு: எட்டு நாளில் நீங்கள் எடுத்தே பார்க்கவில்லையா?

அத்தை: அடிக்காத போனை எதற்கு எடுப்பது? அந்தக் காட்டெருமைதான் ஒயரை அறுத்திருக்கும்.

பாபு: அறுத்திருந்தால் இணையமும் போயிருக்கும். இரண்டும் ஒரே ஃபைபரில்தான் வருகின்றன. நான் பகலெல்லாம் மீட்டிங்கில் இருந்தேனே.

அத்தை: செம்புக் கம்பி இருந்தவரை இந்தத் தொல்லை உண்டா? மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லாதபோதுகூடப் போன் பேசியது.

பாபு: எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வரும். மணி அடிக்கும்போது அதற்கும் மேலே ஏறும்.

அத்தை: தெரியும், தெரியும். ஒரு லைன்மேன் எங்கள் வாசலில் நின்று கம்பியைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ போன் போட்டுவிட்டார்கள். போன் அடிக்கவில்லை, அவர்தான் அலறினார்.

பாபு: ஃபைபரில் அந்தப் பயம் இல்லை. கண்ணாடி இழை, வெளிச்சம் மட்டும்தான் வரும். கரண்ட் வராது. அதனால்தான் கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று, ஹாலில் ஃபைபர் வந்து சேரும் வெள்ளை டப்பாவுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி வைத்தேன்.

அத்தை: அதோடு நிறுத்தினாயா? போன ஞாயிற்றுக்கிழமை நாலு கொம்போடு ஒரு கறுப்பு டப்பாவையும் கொண்டு வந்து வைத்தாய். அன்றிலிருந்துதான் வீடே ஊமையாகிவிட்டது.

பாபு: அது ரவுட்டர் அத்தை! வெள்ளைக்காரன் கட்டிய கல் சுவர், வைஃபை பின் அறைக்கு வருவேனா என்கிறது. அதனால் வெள்ளை டப்பாவிலிருந்து ஒரு லேன் ஒயர் இழுத்து, என் சொந்த ரவுட்டரை இந்த நடு அறையில் வைத்தேன். பழையதைக் கழற்றவே இல்லை. அதன் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டேன்.

அத்தை: மூத்த மருமகளை மூலையில் உட்கார வைத்து வாயைப் பொத்திவிட்டாய். அவள் பேச மாட்டேன் என்கிறாள்.

பாபு: வைஃபைக்கும் போனுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் குரலை எண்களாக மாற்றி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புவது வெள்ளை டப்பாவின் தனி வேலை. நொடிக்கு 50 பொட்டலம்.

அத்தை: நொடிக்கு 50 பொட்டலமா? எங்கள் ஃபாக்டரியில் அப்படிக் கட்டியிருந்தால் மேனேஜர் மாலை போட்டிருப்பார். சரி, வழியில் ஒரு பொட்டலம் விழுந்துவிட்டால்?

பாபு: விழுந்தது விழுந்ததுதான். திருப்பி அனுப்புவதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடும். அந்த இடத்தில் குரல் லேசாக வெட்டும்.

அத்தை: பார்த்தாயா! ‘ஒரு கல்’ என்ற பொட்டலம்தான் பர்லியாறு வளைவில் விழுந்திருக்கிறது. ‘உப்புத் தூக்கல்’ மட்டும் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பாபு: அத்தை, பாடத்தைக் கேளுங்கள். நம் எண், அதற்கான கடவுச்சொல் எல்லாவற்றையும் இணைப்புக்காரர்கள் வெள்ளை டப்பாவுக்குள்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் போன் ஒயரை அதில் போன் படம் போட்ட ஓட்டையில்தான் சொருக வேண்டும். சொந்த ரவுட்டரில் அந்த ஓட்டையே கிடையாது. தெரியாமல் யாராவது அதில் கொண்டுபோய்ச் சொருகினால்...

(நிறுத்துகிறான். அறையில் தூறல் சத்தம் மட்டும்.)

அத்தை: சொருகினால்?

பாபு: ...ஒன்றுமில்லை அத்தை.

அத்தை: டார்ச்சை எடு.

(இருவரும் ஸ்டூலுக்குக் கீழே குனிகிறார்கள். போனிலிருந்து இறங்கும் தட்டையான சாம்பல் ஒயர் இரண்டு அடி போய், நாலு கொம்பு ரவுட்டரின் மூன்றாவது லேன் ஓட்டையில் ‘டிக்’கென்று பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. போன் பிளக் சின்னது, லேன் ஓட்டை பெரியது. ஆனாலும் நுழையும். நுழைந்தால் வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை.)

அத்தை: இது காட்டெருமை வேலையா?

பாபு: ஹாலிலிருந்து ஒயர் தொங்குவது அசிங்கமாக இருந்தது... எல்லாம் இணையம் வழியாகத்தானே போகிறது, எந்த ஓட்டையானால் என்ன என்று...

அத்தை: நீ என்ஜினியர்தானே?

பாபு: நான் சாஃப்ட்வேர் அத்தை.

(பாபு பழைய நீள ஒயரைப் பரணிலிருந்து இறக்கி, ஹாலில் இருக்கும் வெள்ளை டப்பாவில் சொருகுகிறான். அத்தை ரிசீவரை எடுத்துக் கேட்கிறார். முகத்தில் வெளிச்சம்.)

அத்தை: டோன் வந்துவிட்டது! ஆமாம், எட்டு நாளாக அவள் போட்டிருந்தால் அங்கே என்ன கேட்டிருக்கும்? ‘இணைப்பில் இல்லை’ என்றா?

பாபு: (மெதுவாக) இல்லை. டப்பா உயிரோடுதானே இருந்தது. அவர்கள் காதில் மணி நன்றாக அடித்திருக்கும். இங்கே யாரும் எடுக்காத மாதிரி.

அத்தை: அடப்பாவி! அப்படியென்றால் நான்தான் கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாள்!

பாபு: இருங்கள், லைன் சரியா என்று என் செல்லுக்குப் போட்டுப் பார்க்கிறேன். (எண்களை அழுத்துகிறான். பதிவு செய்த குரல் ஏதோ சொல்கிறது.) இப்போது என்ன?

அத்தை: முன்னால் பூஜ்யம் போடு. லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு 2021 ஜனவரியிலிருந்து அப்படித்தான். சாஃப்ட்வேராம்.

(பாபு பூஜ்யத்தில் விரல் வைப்பதற்குள் சுவர்க் கடிகாரம் ஏழு அடிக்கிறது. கையிலிருந்த ரிசீவரை அத்தை பிடுங்கி வைக்கிறார். வைத்த கையோடு போன் அலறுகிறது. அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மூன்று முறை மணி அடிக்க விட்டு எடுக்கிறார்.)

அத்தை: ஹலோ... நான்தான்... கோபமா? எனக்கென்ன கோபம்? போன் வேலை செய்யவில்லையடி. ஒரு காட்டெருமை புகுந்து ஒயரை மாற்றிவிட்டது.

பாபு: அத்தை!

அத்தை: (ரிசீவரின் வாயைப் பொத்தி) சும்மா இரு, உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன். (போனில்) ஆமாம், வீட்டுக்குள்ளேயேதான். சின்னதுதான். கண்ணாடி போட்டிருக்கும்... ஊறுகாயா? தினமும் அதுதான் தொட்டுக்கொள்கிறேன். ஆனால் உப்பு ஒரு கல் தூக்கல்தான். இருப்பதைத்தானே சொல்ல முடியும்... ஹலோ? ஹலோ?

(ரிசீவரை நீட்டிப் பார்க்கிறார்.)

அத்தை: பாபு, மறுபடி போய்விட்டது. போய் அந்த டப்பாவைப் பார்.

பாபு: (ஹாலிலிருந்து) விளக்கெல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது அத்தை.