ஆலயத்தை எருசலேமில்தான் தேடவேண்டுமா?

2022 செப்டெம்பரில் டெக்சாஸிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகள் இஸ்ரேலுக்கு விமானமேறிப் போனதிலிருந்து எங்கள் கொட்டாஞ்சேனை வட்ஸ்அப் குழுக்களில் ஓய்வில்லை. முழுக்கச் சிவப்பான கிடாரியின் சாம்பலால் சுத்திகரித்தால்தான் எருசலேமில் யூதர்களின் ஆலய வழிபாடு மறுபடி தொடங்கும் என்பது நம்பிக்கை. ஆகவே கிடாரி வந்தாயிற்று, இனி மூன்றாம் ஆலயம், அப்புறம் அதில் தேவன்போல உட்காரப்போகிற அந்திக்கிறிஸ்து. இந்தக் கிடாரிச் சடங்கைச் சொல்லும் எண்ணாகமம் 19ஐத் திறந்தே பார்க்காதவர்கள்கூட மாட்டின் மயிரை ஜூம் பண்ணிப் பார்க்கிறார்கள்.

எனக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. எருசலேமின் இரண்டாம் ஆலயத்தை ரோமத் தளபதி தீத்துவின் படை இடித்தது கி.பி. 70இல். ஆலயத்தை அளக்கும்படி யோவானுக்குச் சொல்லப்படுகிற வெளிப்படுத்தல் புத்தகம் எழுதப்பட்டது ஏறத்தாழ 95இல் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இல்லாத ஆலயத்தை யோவான் எப்படி அளப்பார்? அதன் 11ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். ஆலயத்தோடு, அதில் தொழுகிறவர்களையும் அளக்கச் சொல்கிறது. கட்டடம் அளக்க வருகிற எந்த மேசன் பாஸும் உள்ளே நிற்கிற ஆட்களை அளப்பதில்லை. 'நீங்கள் தேவனுடைய ஆலயம்' என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் எருசலேம் ஆலயம் நிமிர்ந்து நின்ற காலத்தில்தான்.

புதிய ஆலயம் ஒன்றைத் தரிசனமாகக் காட்டும் எசேக்கியேல் 40 முதல் 48 வரை என்னவாம் என்பீர்கள். அந்த ஆலயத்தில் பாவநிவாரண பலி இருக்கிறது. கிறிஸ்துவின் ஒரே பலி போதும் என்கிற எபிரெயர் 10ஐ நம்புகிற நாங்கள் மறுபடி ஆடு அறுக்கக் காத்திருப்பதா?

சரி, மற்றப் பக்கத்திலும் நியாயம் உண்டு. பாவமனுஷன், அதாவது அந்திக்கிறிஸ்து, ஆலயத்தில் உட்காருவான் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்டபோது, ரோமப் பேரரசன் கலிகுலா தன் சிலையை அங்கே வைக்கக் கட்டளையிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். இரண்டாம் நூற்றாண்டு சபைப் பிதா இரனேயுவும் எருசலேம் ஆலயம் என்றே எடுத்துக்கொண்டார். ஆனால் பழைய சபையின் பேர்பெற்ற பிரசங்கி கிறிசோஸ்தோம், எருசலேமில் மட்டுமல்ல, ஒவ்வொரு சபையிலும் அவன் உட்காருவான் என்று பிரசங்கித்தார்.

எனக்குக் குத்துவது இந்த இடம்தான். அடையாளமாக விளக்கினால் வசனத்தின் காரம் குறைந்துவிடும் என்கிறார்கள். கூடத்தான் செய்கிறது! ஆலயம் சபையென்றால், தேவன்போல உட்காருகிறவனைக் கடல்கடந்து தேட வேண்டியதில்லை. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் பாப்பரசரைக் காட்டினார். அதுவும் வசதியான வேலைதான், விரல் அடுத்த வீட்டுப் பக்கம்.

நான் முன்பு போன ஒரு சபையில் மேடை நடுவே சிவப்பு வெல்வெட் கதிரை. பாஸ்டர் வெளிநாடு போன ஞாயிறுகளிலும் அதில் ஒருவரும் உட்காரமாட்டார். வாசல் பனரில் அவர் முகம் ஆளுயரம், இயேசுவின் பெயர் கீழே போன் நம்பருக்குப் பக்கத்தில். காணிக்கைக் கணக்குக் கேட்ட ஒரு அண்ணனை, 'அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்று வாயடைத்தார்கள். அவர் இப்போது வெள்ளவத்தையில் சின்னச் சபையொன்றுக்குப் போகிறார். அங்கே மாதாமாதம் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்களாம், மின்சார பில் உட்பட.