சாமி வரம் கொடுத்தாச்சு, பூசாரி எங்கே?

குடிப்பழக்கச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டுப் பணம் தர முடியாதுன்னு ஒரு கம்பெனி அனுப்பின நிராகரிப்புக் கடிதத்தை நேத்திலிருந்து எல்லாரும் பகிர்றீங்க. கீழே கமெண்ட்டில் பாதி ஒரே பாட்டு: "குடிச்சுக் கெட்டவனுக்கு என் பிரீமியமா?" சரி, பேசுவோம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4): உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடோ, மனநோய்க்கும் அதே அடிப்படையில். 2018 மே 29 முதல் அமலில் இருக்கு. மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோய்தான்னு அதே சட்டத்தின் 2-ம் பிரிவு சொல்லுது. பாலிசியைப் புரட்டினா? விலக்கு எண் 12. குடி, போதை, எந்த அடிமைப் பழக்கத்துக்கும் சிகிச்சைச் செலவு கிடையாது. "அதன் விளைவுகளுக்கும்" கிடையாது. 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே வகுத்துக் கொடுத்த வாசகம் இது.

அந்த "விளைவுகள்"தான் வலை. மனச்சோர்வுக்குச் சேர்ந்தவரின் கேஸ் ஷீட்டில் டியூட்டி டாக்டர் பழக்கதோஷத்தில் "பத்து வருஷமா குடிப்பவர்"னு ஒரு வரி எழுதுவார். கம்பெனிக்காக கிளெய்மைப் பரிசீலிக்கிற டிபிஏ-வுக்கு, மறுக்க அது போதும். மறைக்கச் சொல்லலை, மறைச்சா பாலிசியே போகும். டிஸ்சார்ஜ் சம்மரி வரைவிலேயே வாங்கிப் படிங்க. முதன்மை நோய் எது, அதுக்குக் குடிதான் காரணமா இல்லையா, டாக்டர் தெளிவா எழுதணும்.

"தானா வரவழைச்சுக்கிட்டது"ன்னா, சர்க்கரை நோயோட தினம் மைசூர்பாகு சாப்பிட்டவர் காலை வெட்டி எடுக்கும்போது பில்லைக் கட்டுறீங்களே?

"மனசு வெச்சா நிறுத்தலாம்." பல வருஷக் குடியைச் சட்டுனு நிறுத்தினா ரெண்டு மூணு நாளில் வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். தயமின் (வைட்டமின் பி1) ஊசி, கண்காணிப்பு, படுக்கை, எல்லாம் வேணும். இதுக்குப் பேர் மனஉறுதியா?

"சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியில் இலவசமா பாக்குறாங்களே." மாரடைப்புக்காரரிடம் "ஜி.எச். இருக்கே"ன்னு சொல்லி கிளெய்மை மறுப்பீங்களா? கீழ்ப்பாக்கம் 1794-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. அந்த ஊர்ப் பேரையே வசவாக்கினதும் நாமதான்.

பிரீமியம் ஏறுமா? ஏறலாம். ஏறட்டும்.

2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுவை அரசே சில்லறைக்கு விக்குது. கவுன்ட்டரில் நின்னா குடிமகன், கட்டிலில் விழுந்தா குடிகாரனா?

கடிதம் வந்த வீட்டுக்காரங்களுக்கு: கமெண்ட் படிக்காதீங்க. எந்த விதிப்படி மறுத்தாங்கன்னு எழுத்தில் வாங்குங்க. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாசத்தில் பதில் இல்லைன்னா, இல்லை திரும்பவும் கைவிரிச்சா, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிற காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனா ஒரு வருஷத்துக்குள்ளே போயிடணும். மனுவின் முதல் வரி 21(4).