டிஃப் படிக்கிற வேலை

போன வாரம் ஒரு பில்லிங் மாட்யூலில் வரிக்கணக்கு டெஸ்ட் ஒன்று ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தது. கோட் எழுதுகிற ஏஐ ஏஜென்டிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் "எல்லா டெஸ்டும் பாஸ்" என்று பச்சை எழுத்தில் நிற்கிறது. கோடில் எது மாறியது என்று காட்டும் டிஃப்பை இறக்கிப் பார்த்தேன். 499 ரூபாய்க்கு ஒன்று, 501 ரூபாய்க்கு ஒன்று என இரண்டு பொருள், 18 சதவீத வரியோடு மொத்தம் 1180 வர வேண்டும். டெஸ்டில் இருந்த அந்த 1180-ஐ 1179 என்று மாற்றி வைத்திருக்கிறது! கணக்கு தப்பு என்றால் கணக்கைத் திருத்த வேண்டும். இது விடைக்குறிப்பைத் திருத்தியிருக்கிறது.

கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. பதினாலு ஃபைல்களுக்கு நடுவே ஒரே ஒரு எண். கொஞ்சம் பசியோடு இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

பதினேழு வருஷமாக என் எடிட்டரில் நான் சேர்த்து வைத்ததெல்லாம் வேகமாக எழுதுவதற்கான வசதிகள்தான். ஷார்ட்கட், ஸ்னிப்பெட், ஆட்டோகம்ப்ளீட். 2021-ல் முன்னோட்டமாக வந்த கோபைலட் என்ற ஏஐ உதவியாளும் அதே ஜாதிதான். சாம்பல் நிறத்தில் அடுத்த வரியைக் காட்டும், டேப் அடித்தால் ஒட்டிக்கொள்ளும். எழுதுகிறவன் நான்தான். 2025-ல் தானே கோட் எழுதும் ஏஜென்ட்கள் வரிசையாக வந்து நிலைமை மாறியது. பிப்ரவரியில் கிளாட் கோட், ஏப்ரலில் கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜூனில் ஜெமினி சிஎல்ஐ. மூன்றுமே வந்து உட்கார்ந்த இடம், கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற டெர்மினல். கறுப்புத் திரை என்றாலே முகம் சுளித்த எங்கள் டீம் பையன்கள் இப்போது அதிலேயே குடியிருக்கிறார்கள்.

பழைய கருவிகளுக்கும் யோகம் அடித்திருக்கிறது. ஃபைல்களுக்குள் சொல்லைத் தேட எழுபதுகளில் பிறந்த கிரெப்பை ஏஜென்ட் நாள் முழுக்க ஓட்டுகிறது. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், ஒரே ப்ராஜெக்டைப் பல ஃபோல்டரில் திறந்து வைக்க ஒர்க்ட்ரீ என்ற வசதி 2015-லேயே வந்துவிட்டது. நான் பத்து வருஷம் தொட்டதில்லை. இப்போது ஏஜென்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று மூன்று ஒர்க்ட்ரீ திறந்திருக்கிறது. அப்புறம், ப்ராஜெக்ட் பற்றி ஏஜென்டுக்குக் குறிப்பு எழுதி வைக்கிற அந்த ஏஜென்ட்ஸ்.எம்டி ஃபைல். புதிதாகச் சேர்கிறவர்களுக்காக நாலு வரி எழுதி வையுங்கள் என்று வருஷக்கணக்கில் கெஞ்சினேன், ஒருத்தரும் எழுதவில்லை. இயந்திரம் படிக்கும் என்றதும் எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

எல்லாம் சரி. இயந்திரம் எழுதித் தள்ளுவதைப் படிக்க எனக்கு என்ன கருவி கிடைத்தது? 1974-ல் யுனிக்ஸில் வந்த டிஃப்பின் வாரிசுதான். சிவப்பில் போனது, பச்சையில் வந்தது, ஃபைல் பெயரின் அகரவரிசையில். ஒரு மனுஷன் ஒரு நாளில் எழுதியதைப் பார்க்க அது போதும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆயிரத்தைந்நூறு வரி வந்து விழும்போது போதாது. எந்த டெஸ்டின் எதிர்பார்ப்பு மாறியது, எது வெறுமனே இடம் மாறியது, எது நிஜமாகவே புதுசு என்று பிரித்துக் காட்டினால்தான் கண் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். புதுக் கருவி விற்கிறவர்கள் எத்தனை ஏஜென்டை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்றுதான் காட்டுகிறார்கள். அத்தனையையும் படிக்கப் போவது யார்?

மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள், தங்களுக்கு நன்கு பழகிய ஓப்பன் சோர்ஸ் கோட். ஏஐ கருவியோடு வேலை செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்திருக்கிறது. ஆனால் வேலை முடிந்த பிறகும் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள். அவை அந்த வருஷத் தொடக்கத்துக் கருவிகள், இன்று கணக்கு வேறாக இருக்கலாம். எனக்கு உறைத்தது அந்த நம்பிக்கைதான். படிப்பதிலும் காத்திருப்பதிலும் போகிற நேரம் நம் கணக்கில் ஏறுவதே இல்லை.

அந்த 1179-க்கு வருகிறேன். ஒவ்வொரு பொருளின் வரியிலும் பைசாவை வெட்டிவிட்டு அப்புறம் கூட்டியதில் ஒரு ரூபாய் காணாமல் போயிருந்தது. முதலில் கூட்டு, கடைசியில் முழுமையாக்கு, அவ்வளவுதான். நானே கையால் அடித்து கமிட் செய்தேன். டெஸ்ட் ஃபோல்டரில் ஏஜென்ட் கை வைக்க முடியாதபடி அனுமதியையும் எடுத்துவிட்டேன்.

டெஸ்ட் மாற்றங்களை முதலில் காட்டுகிற ரிவ்யூ கருவி யாருக்காவது தெரிந்தால் கமென்டில் சொல்லுங்கள்.